குமிழி பார்க்கிற ஆள்

எனக்கு முன்கோபம் அதிகம் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். நான் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர். என்னிடம் வருகிற நோயாளிகள் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவதால் என் ஏச்சுக்குத் தப்பிவிடுவார்கள். அகப்படுகிறவர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்கள்தான்.

அன்று காலை அகப்பட்டவர் ஹஸ்மி. கிண்ணியாக்காரர், சுழியோடி. கடலுக்கடியில் போய்க் கடலட்டையும் சங்கும் எடுக்கிறவர். அவர் மனைவி றிஷானாவுக்கு முதல் நாள்தான் சிசேரியனில் பெண்குழந்தை பிறந்திருந்தது. பிள்ளைக்குப் பிறவியிலேயே கீழ்த்தாடை மிகச் சின்னது. அண்ணத்திலும் ஒரு பிளவு. தாடை சின்னதென்றால் நாக்குக்கு இடம் போதாது. அது பின்னுக்குச் சரிந்து மூச்சுப் போகிற வழியை அடைக்கும். குப்புறக் கிடத்தினால் நாக்கு முன்னுக்கு விழும். அப்படித்தான் பிள்ளை விடியும் வரை சமாளித்தாள். விடிந்தபோது களைத்துவிட்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. தாடையைச் சரிசெய்கிறவர்கள் கண்டியில் இருந்தார்கள். மூச்சுக்குழாய் வைக்காமல் அம்புலன்ஸில் அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது.

குழாய் வைப்பதற்கு ஹஸ்மி உடனே ஓம் என்றார். அதற்கு முதல் மருந்து கொடுத்துப் பிள்ளையை மயக்குவேன் என்றதும்தான் மனிதர் கதிரையை விட்டு எழும்பினார்.

"மயக்க வேணாம் டொக்டர். குழாய வைங்க. மயக்க மட்டும் வேணாம்."

"ஏன்?"

"நான் ஒவ்வொரு நாளும் வாயில குழாய வச்சித்தான் கடலுக்குள்ள மூச்சு உடுறன். அதுக்கு மருந்தா குடிக்கிறன்? என்ட மகள் அவள். தாங்குவாள்."

எனக்கு ஏறிவிட்டது. பிறந்த பிள்ளைக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது என்று கதைக்கிறவர்களைப் படித்தவர்களிலேயே பார்த்திருக்கிறேன். ஞாபகம் இருக்காது என்பதற்காக யாராவது தன் கால்விரலில் அம்மியைப் போட்டுக்கொள்வாரா? இப்போது பெற்ற தகப்பனே வந்து தாங்குவாள் என்கிறார். மேசையில் கிடந்த, நாக்கை அழுத்திப் பார்க்கும் மரத்தகட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"தம்பி, உங்கட குழாய் பல்லோட நிண்டிடும். இது தொண்டைக்குள்ளால போகவேணும். இந்தத் தகட்டை உங்கட அடிநாக்கில வச்சு அமத்துங்கோ. நான் பத்து எண்ணுறன்."

எங்கள் மூத்த தாதி புஸ்பராணி ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். என்னோடு வேலை செய்து பழகியவள். ஹஸ்மி சிரித்துக்கொண்டுதான் தகட்டை வாய்க்குள் விட்டார். நான் இரண்டு என்று சொல்லி முடிக்கவில்லை, கண் பிதுங்கிவிட்டது. மனிதர் காலையில் பிட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டிருந்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துபோயிற்று.

"இது ஒரு மரத்தகடு," என்றேன். "நீங்கள் வளந்த ஆள். உங்கட கையாலேயே பிடிச்சனீங்கள். ஏலாட்டி உடன எடுக்கலாம். அவளுக்கு அது ஏலுமோ? மருந்தில்லாமச் செய்தா துடிப்பாள். துடிச்சா தொண்டை வீங்கும், இதயத் துடிப்பு விழும். பிறகு இருக்கிற கொஞ்ச வழியும் அடைபட்டுப் போகும்."

ஹஸ்மி வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கதிரையில் அமர்ந்தார்.

"நோகும் எண்டு இப்ப விளங்குது டொக்டர். ஆனா எனக்குப் பயம் வேற. நல்ல ஆழத்துக்குப் போனா சில நேரம் ஒரு மயக்கம் வரும். சொகமா இரிக்கும். மேல வரணும் எண்டே தோணாது. நொந்தா ஆள் எப்படியும் மேல வந்திருவான். மயங்கினா வரமாட்டான். எங்கட ஆக்கள் ரெண்டு பேர் அப்படித்தான் போனாங்க."

ஏசுவதற்கு வாயில் வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டேன். வீம்பு என்று நினைத்தது வீம்பில்லை. மகள் திரும்பி வரமாட்டாளோ என்று மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் பயத்தில் நியாயமும் இருந்தது. அதைப் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் தம்பி. மருந்து ஏறினா மூச்சுக் குறையும். நிண்டும் போகலாம். அந்த நேரம் காத்துப் பையை அமத்தி அவளுக்கு நான் மூச்சுக் குடுப்பன்."

"நாங்க கீழ இறங்கினா, மேல போட்டில நிண்டு குமிழி பாக்க ஒரு ஆள் இரிப்பான். எனக்கு என்ட மச்சான் நஸ்ரி. றிஷானாட தம்பி. குமிழி நிண்டா உடனே பாய்வான். தன்ட கூடப்பொறந்த ராத்தாவத் தனிக்க உடமாட்டான் எண்டுதான் அவனை வச்சிரிக்கன். சம்பளத்துக்கு வாற ஆளை நம்பி இறங்க ஏலாது." கொஞ்சம் தயங்கினார். "கோவிக்காதீங்க டொக்டர். நீங்க சம்பளத்துக்குத்தானே வாறீங்க?"

புஸ்பராணி கிண்ணத்தோடு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"சம்பளத்துக்குத்தான்," என்றேன். "உங்கட பிள்ளை எனக்குச் சொந்தமும் இல்ல. ஆனா எனக்குத் தோத்துப் பழக்கமில்ல. கரம் விளையாட்டில தோத்தாலும் பலகையைத் தட்டிவிட்டுட்டு எழும்பிப் போற ஆள் நான்."

"அது உண்மை," என்றாள் புஸ்பராணி. "இன்னும் ரெண்டு காய் கிடைக்கேல்ல."

ஹஸ்மி சிரித்துவிட்டார். பிறகு, ஏதோ விலை பேசி முடிக்கிறவர்போல விரலை நீட்டினார்.

"அப்ப நானும் உள்ள வாறன். அவள்ட மூச்சு நிண்ட உடன நானும் மூச்ச அடக்குவன். எனக்கு ஏலாம வந்தா கை காட்டுவன். நீங்க எல்லாத்தையும் உட்டுட்டு அவளை மேல எடுக்கணும்."

"எவ்வளவு நேரம் அடக்குவீங்கள்?"

"மூணு நிமிஷம் லேசா."

"மூண்டு நிமிஷமோ! குழாய் போகாட்டி நான் அரை நிமிஷத்திலயே பயந்து மேல வாற ஆள். சரி, வாங்கோ. ஆனா கையை மட்டும்தான் காட்டலாம். வாய் திறக்கக் கூடாது."

வேறொருவர் என்றால் உள்ளே விட்டிருக்கமாட்டேன். இவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. புஸ்பராணி அவருக்கு ஒரு பச்சை அங்கி கட்டி, முகத்துக்கு மாஸ்க் போட்டு, பிள்ளையின் கால்பக்கம் நிறுத்தினாள். நான் தலைமாட்டில் நின்றேன்.

பிள்ளையை மல்லாத்தி மருந்தை மெல்ல ஏற்றினோம். பொத்திப் பிடித்திருந்த கைகள் விரிந்தன. நெற்றிச் சுருக்கம் போயிற்று. பிறந்ததிலிருந்து மூச்சோடு மல்லுக்கட்டிய முகம் அப்போதுதான் குழந்தை முகமாக இருந்தது. பிறகு நெஞ்சு அசைவது நின்றது. கால்பக்கத்திலிருந்து, கடலில் பாயப்போகிறவர் காற்றை இழுப்பதுபோல, பெரிய சத்தம் ஒன்று கேட்டது.

தொண்டை பார்க்கிற கருவியை வாய்க்குள் விட்டுத் தாடையைத் தூக்கிப் பார்த்தேன். நாக்குத்தான் தெரிந்தது. கருவியைச் சற்றுச் சரித்துப் பார்த்தேன். மறுபடியும் நாக்குத்தான்.

"டொக்டர், ஒட்சிசன் குறையுது," என்றாள் புஸ்பராணி.

உடனே கருவியை வெளியே எடுத்து, பிள்ளைக்கு முகமூடியைப் பொருத்திப் பையை அமத்தினேன். நெஞ்சு எழும்பியது. நீலம் பாரித்த உதடு சிவந்தது. எனக்கு முதுகெல்லாம் வியர்வை. பயந்துபோனேன், சொல்வதற்கு வெட்கமில்லை. ஆனால் பிள்ளை மயக்கத்தில் கிடந்தபடியால் திமிறவில்லை, தொண்டையும் வீங்கவில்லை. இன்னொரு தடவை முயல எனக்கு இடம் இருந்தது. இன்னும் சின்னக் குழாய் ஒன்றை எடுத்தேன். புஸ்பராணி தொண்டையை வெளியிலிருந்து ஒரு விரலால் மெல்ல அழுத்தினாள். நாக்குக்குப் பின்னால் சோற்றுப் பருக்கை அளவில் வழி தெரிந்தது. குழாயை விட்டேன். பையை அமத்தினேன். இரண்டு பக்க நெஞ்சும் ஒன்றாக எழும்பின. குழாயின் உட்புறம் ஆவி படிந்தது.

"போயிட்டுது," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். மூன்று நிமிஷம் லேசாக அடக்குகிற மனிதர் சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். மாஸ்க் நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது.

"தம்பி, மூச்சை எப்ப விட்டனீங்கள்?"

"முதல்லயே உட்டுட்டன் டொக்டர். அவள்ட நெஞ்சு நிண்டதக் கண்ட உடன எனக்கு அழுக வந்திட்டு. கொஞ்சங்கூட அடக்க ஏலாமப் போச்சு."

"பிறகேன் கை காட்டேல்ல?"

"உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்," என்றார். "உங்கட மாஸ்க் அசையவே இல்ல. முதல்தரம் குழாய் போகாத நேரமும் அசையல்ல. அவள்ட நெஞ்சு எழும்பினாப் பிறகுதான் நீங்களும் மூச்சு உட்டீங்க. பிறகு நான் எதுக்குக் கை காட்ட?"

குனிந்து, குழாயின் மேல் புஸ்பராணி ஏற்கெனவே ஒழுங்காக ஒட்டியிருந்த பிளாஸ்டரை இன்னொரு தடவை அழுத்தி ஒட்டினேன். வழக்கத்தில் அம்புலன்ஸில் இளம் டொக்டர் ஒருவர்தான் கூடப் போவார்.

"புஸ்பராணி," என்றேன், "கண்டிக்கு நானே போறன் எண்டு சொல்லிவிடுங்கோ."

"அப்பவே சொல்லியாச்சு," என்றாள் அவள்.

ஹஸ்மி அங்கியைக்கூடக் கழற்றாமல் றிஷானா கிடந்த வார்ட்டுக்கு ஓடினார். "உடுறாள்! றிஷானா, புள்ள மூச்சு உடுறாள்!" என்று அவர் கத்தியது கீழ்மாடி வரைக்கும் கேட்டது.