விளக்கை அணைத்தால் நிற்கும்

அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து, காலமெல்லாம் வண்டி நேரம் சொல்லிச் சம்பாதித்த குரல் அது. வீட்டிலும் அவளுக்கு வாய் ஓயாது.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து சின்ன மகளுக்குப் போன் செய்தாள்.

"சாயங்காலம் வந்துடுடி இருட்டுப்பூனை. நாளைக்கப்புறம் உன்னைத் திட்டணும்னாலும் எனக்குக் குரல் இருக்காது."

"வந்துடறேம்மா. கொஞ்சம் வேலை பாக்கி."

இருட்டுப்பூனை என்ற பெயர் சும்மா வரவில்லை. ஆய்வுக்கூடத்தின் இருட்டறைதான் சின்னவளுக்குக் குடித்தனம். அவள் உருவாக்கிய வினையூக்கி, நீல வெளிச்சம் பட்டால்தான் கண் விழிக்கும். குட்டி மூலக்கூறுகளைக் கோத்துப் பிளாஸ்டிக் சங்கிலியாக வளர்க்கும். விளக்கை அணைத்தால் நிறுத்திவிடும். திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முன்பு இதை அவள் விளக்கியபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"அணைச்சா நிக்கும்னா, நடுவுல எழுந்து வீட்டுக்கு வரலாம்ல?"

"அதை நம்பி அப்படியெல்லாம் விட்டுட்டு வர முடியாதும்மா."

உண்மைதான். பழைய குடுவைகளில் சங்கிலி இருட்டிலும் திருட்டுத்தனமாகக் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதனால் காவல் காத்தாள்.

அன்று மாலையும் போனை வெளியே மேசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். திரை வெளிச்சம்கூடக் குடுவைமேல் படக் கூடாது. வேலை முடிய இருந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. குடுவைக்குக் கறுப்புத் துணி சுற்றிவிட்டு அப்போதே கிளம்பியிருக்கலாம். துணி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று இருட்டில் உட்கார்ந்திருந்தாள். பாவி.

கரண்ட் வந்தபின் சோதித்தாள். இருட்டில் சங்கிலி இம்மியும் வளரவில்லை. வெளிச்சம் பட்டதும், இடையில் ஒன்றுமே நடக்காததுபோல் மேலே வளர்ந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு வெளியே வந்து போனை எடுத்தாள். திரை முழுக்க அக்காவின் அழைப்புகள். உடனே திருப்பிக் கூப்பிட்டாள்.

"இனிமே உள்ளே விடமாட்டாங்க" என்றாள் அக்கா. "தூக்க மாத்திரை குடுத்துட்டாங்க. அவ உன்கிட்ட பேசணும்னு எங்ககிட்டகூட அதிகமா பேசலை. குரலை உனக்காகச் சேத்து வச்சிருந்தா."

மறுநாள் விடிந்ததும் ஓடினாள். அம்மாவை அதற்குள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சில நாள் கழித்து அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கழுத்தில் கட்டு, அதன் நடுவே ஒரு குழாய். சின்னவளைப் பார்த்ததும் கட்டில் பக்கத்து விளக்கை அணைத்தாள், போட்டாள், புருவத்தை உயர்த்தினாள்.

"நின்னுச்சும்மா. நான் பக்கத்துல இல்லேன்னாலும் நின்னிருக்கும்."

அதைச் சொல்லும்போதே சின்னவளுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவோ பரீட்சையில் தேறிய பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல அவள் கன்னத்தைத் தட்டினாள். பிறகு பழக்கதோஷத்தில் உதடுகளை அசைத்து ஏதோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். சின்னவளும் பழக்கதோஷத்தில் குனிந்து அம்மாவின் வாயருகே காதை வைத்தாள். அங்கே மூச்சுகூட இல்லை. அது கழுத்துக் குழாய் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது.

அம்மா சொல்லி முடிக்கும்வரை அவள் காதை எடுக்கவில்லை.