இலங்கைக்கு வழி போட்டவள்

தருமபுரித் தனியார் பள்ளி ஒன்றின் பெண்களை இலங்கைக்குக் கூட்டிப்போகலாம் என்று 1982இல் முதன்முதலில் வாயைத் திறந்தவள் தாவரவியல் ஆசிரியை குல்ஷன்தான். கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தைப் பிளஸ் டூ பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறுவதிலிருந்து கண்டியில் தங்க இடம் பிடிப்பதுவரை பயணத் திட்டம் முழுவதும் அவள் போட்டது. தலைமையாசிரியை ஜானகியம்மாள் அவளுக்குக் கூடப்பிறவாத அக்கா மாதிரி. "நீயும் நானுமா கூட்டிட்டுப் போலாம் குல்ஷன்" என்றாள்.

கடல் தாண்டி அனுப்பப் பெற்றவர்கள் லேசில் சம்மதிக்கவில்லை. குல்ஷன் தருமபுரியில் ஏறாத வாசல் இல்லை. ஜவுளிக்கடை அப்துல் சுபான் கடைசியில்தான் இறங்கிவந்தார். "நீங்க கூடப் போறீங்கன்னா எம்பொண்ணு ஜான் பீயை அனுப்பறேங்க."

கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் ஜானகியம்மாள் அவளை அறைக்குக் கூப்பிட்டாள்.

"தாளாளர் மருமக வர்றாங்களாம். உன் எடத்த அவங்களுக்குக் குடுக்க வேண்டியதாப் போச்சு."

"எப்பக்கா முடிவாச்சு?"

"ஆரம்பத்துலயே. அப்பவே சொல்லியிருந்தா நீ வூடு வூடா ஏறி எறங்கியிருப்பியா?"

இடம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் வெயிலில் அலைந்து திரும்பிய நாளெல்லாம் மோர் கலக்கிக் கொடுத்த கை அல்லவா இது! குல்ஷன் வெளியே வந்தாள்.

நேராக அப்துல் சுபான் வீட்டுக்குப் போனாள். தன் வாக்கை நம்பியவரிடம் மறைக்க மனம் வரவில்லை.

"நான் போகலீங்க. தலைமையாசிரியைதான் கூட்டிட்டுப் போறாங்க."

கதவோரம் நின்ற ஜான் பீயின் முகம் செத்துவிட்டது. அவர் தாடியைத் தடவினார். "அவங்கள நம்பலாங்களா டீச்சர்?"

'நம்பாதீங்க' என்ற ஒரு சொல் போதும், பயணமே கவிழ்ந்துவிடும். அந்தச் சொல் அவள் தொண்டைவரை வந்தது. ஜான் பீ உதட்டைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"புள்ளைங்க விஷயத்துல நம்பலாங்க" என்றாள் குல்ஷன். அது பொய்யுமில்லை.

பெண்கள் எல்லோரும் போனார்கள். வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு வந்த குல்ஷன், ஒவ்வொருத்தியையும் கைபிடித்து ஏற்றிவிட்டாள். முன் சன்னலிலிருந்து ஜானகியம்மாளும் கை நீட்டினாள். "போயிட்டு வர்றேன் குல்ஷன்."

குல்ஷன் அந்தக் கையைப் பார்த்தாள், தொடவில்லை. "பத்திரமா கூட்டிட்டு வாங்க, மேடம்" என்றாள்.

அக்கா என்று அவள் அதற்குப் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.