வடிவாம்பாளின் பின்பாதி

பேராசிரியை வடிவாம்பாளின் வலது கை தை மாதத்திலிருந்து மேலேயே இருந்தது. வலி ஒன்றும் இல்லை. ரவிக்கை போடுவதுதான் கொஞ்சம் சிரமம்.

நடந்தது இவ்வளவுதான். அவள் எழுதிய புதிய இசை, அவள் வேலை பார்த்த இசைக் கல்லூரியிலேயே அரங்கேறியது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நடுவில் ஒரு மௌனம் எழுதியிருந்தாள். அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கினாள். வாசித்த நால்வரும் வில்லைத் தூக்கினார்கள். கை இறங்கினால் பின்பாதி தொடங்கும்.

அதற்குள் சிறப்பு விருந்தினர் முத்துக்குமாரசாமி, முடிந்துவிட்டதென்று கை தட்டி எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் ஊரே எழ வேண்டும். பொன்னாடை போர்த்தினார்கள். நன்றியுரை சொன்னார்கள். நாட்டுப்பண் பாடினார்கள். நாட்டுப்பண்ணுக்கு மேல் யார் எதை வாசிப்பது? விளக்கை அணைத்து அரங்கைப் பூட்டினார்கள். பின்பாதி கையிலேயே தங்கிவிட்டது.

அவளுக்கு இது புதிதில்லை. அவள் எழுதிய எதுவும் பாதியைத் தாண்டியதே கிடையாது. ஒன்றை மின்வெட்டு நிறுத்தியது. ஒன்றைத் தலைமை தாங்கியவரின் ரயில் நிறுத்தியது. ஒன்றை, சூடாக வந்த மெதுவடை நிறுத்தியது. முடிவு எழுதுவது எப்படி என்று வகுப்பில் அவள் சொல்லிக்கொடுப்பதெல்லாம் கேள்விப்பட்ட செய்திதான். ஒரு முடிவையாவது காதால் கேட்டுவிட்டுப் போய்விட வேண்டும். வேறு ஆசை இல்லை.

கையைத் தனியாக இறக்கவும் முடியாது. இறக்கினால் நால்வரும் இருந்த இடத்திலேயே வாசித்துவிடுவார்கள். ஒருத்தி திருச்செந்தூரில் இருந்தாள். ஒருவன் கூட்டுறவு வங்கியில் இருந்தான்.

பேருந்துகள்தான் தொந்தரவு. கையைப் பார்த்ததும் நின்றுவிடும்.

"எங்கம்மா போகணும்?"

"எங்கயும் போகலப்பா."

"பின்ன எதுக்குக் கைய காட்டுறீங்க?"

"அது மௌனம்ப்பா."

"சரி, ஏறுங்க. நிறுத்தியாச்சுல்ல."

இப்படி அவள் பார்த்த ஊர்கள் ஏராளம்.

ஒரு நாள் பிரின்சிபால் கோதண்டபாணி கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், நாளைக்கு நீங்க ரிட்டையர்டு."

"தெரியும் சார்."

"போகும்போது அதை ஸ்டோர் ரூம்ல ஒப்படைச்சிட்டுப் போயிடுங்க."

"கையவா?"

"உங்க கைய வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? மௌனத்தை. வேலையில இருக்கும்போது ஆரம்பிச்சது. காலேஜுக்குச் சொந்தம்."

"அதுக்கு அப்புறம் என் பின்பாதி இருக்கு சார்."

"எல்லாருக்கும் இருக்கு மேடம்."

அவள் அரங்கத்துக்கு நடந்தாள். மௌனம் நீள நீள, நடைபாதையும் நீண்டிருந்தது. பாதி வழியில் ஒரு டீக்கடை முளைத்திருந்தது. அங்கே செல்லோக்காரன் இளம்பரிதி ஒரு கையில் டீயும் ஒரு கையில் வில்லுமாக நின்றான். போன மாதம்தான் அவனுக்குக் கல்யாணம். வில்லைக் கீழே வைக்க முடியாததால் தாலியின் மூன்று முடிச்சையும் அவன் அக்காவே போட்டாள்.

"வாடா, இன்னைக்கு இறக்கிடுறேன்."

"மாமியார் வீட்டுல விருந்து மேடம்."

"உன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலையா?"

"முதல்ல அந்தச் சனியனை முடிச்சிட்டு வாங்கன்னுதான் சொல்றா."

"புத்திசாலிப் பொண்ணு. நட."

மற்ற மூவரும் போன் போட்டதும் வந்தார்கள். சிறப்பு விருந்தினர் இல்லாமல் அரங்கைத் திறப்பதில்லை. அதனால் முத்துக்குமாரசாமியும் வந்தார். வந்தவை பொன்னாடைகள்தான். ஒன்றன்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு நடந்து வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தன. உள்ளே அவர் இருக்கிறாரா என்று விலக்கிப் பார்ப்பது மரியாதையில்லை. பிரின்சிபால் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் மாணவர்கள் நிறைந்தார்கள்.

வடிவாம்பாள் கையை இறக்கினாள்.

பின்பாதி வந்தது. வயலின்கள் இரண்டும் சம்பந்திகளைப் போலச் சண்டை போட்டன. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த காலையில் எழுதிய நாலு வரியை வயோலா முனகியது. செல்லோ எல்லாரையும் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பியது. அவள் காது சுட்டது. கடைசிச் சுரம் வந்தது, நின்றது, போனது.

முடிவு என்றால் இதுதானா! நன்றாகத்தான் இருந்தது. என்ன, இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்.

நால்வரும் வில்லைப் பெட்டியில் வைத்தார்கள். இளம்பரிதி விருந்துக்கு ஓடினான்.

யாரும் கை தட்டவில்லை. யாரும் எழவில்லை. எல்லாரும் கையை மடியில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"முடிஞ்சிருச்சுங்க" என்றாள் வடிவாம்பாள்.

"உஷ்" என்று பொன்னாடைகளுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "நடுவுல பேசாதீங்கம்மா."

"நடு இல்லீங்க ஐயா. இதுதான் முடிவு."

"போன தடவை நானும் அப்படித்தான் நெனச்சேன்."

பிரின்சிபால் ஆமாம் என்று தலையாட்டினார்.

அவள் இறங்கி வந்து ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் ஓய்வுபெற்றாள். நாற்காலியை விட்டு மட்டும் எழவில்லை.