பத்தொன்பது கைநாட்டும் ஒரு பூட்டும்

பூட்டு முக்கால் கிலோ தேறும். துருவேறி, கொக்கி பிளந்து கிடந்தது. அதைக் கல்லூரி ஆவண அறை மேசைமேல் டக்கென்று வைத்துவிட்டு அண்டாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லூரி விடுதிச் சமையற்கட்டில் முப்பது வருடம் பாத்திரம் தேய்த்தவள். பெரிய அண்டாவுக்குள் ஆளே இறங்கித் தேய்ப்பாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

"பொம்பளைங்க சரித்திரம் சேர்க்கறீங்களாமே. இதையும் சேர்த்துக்கோ. வேணாம்னா சொல்லு, பழைய இரும்புக்காரன் வாசல்லதான் நிக்கிறான்."

பூட்டோடு நாலாய் மடித்த ஒரு தாளும் இருந்தது. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆவணக்காரி அதைப் பிரித்தாள். பத்தொன்பது கைநாட்டு. மேலே ஏதோ மாணவி எழுதிக்கொடுத்த ஒரே வரி: 'இனி எங்களை உள்ளே வைத்துப் பூட்டினால் உலை வைக்க மாட்டோம்.'

"இவ்வளவு நாளா எங்கக்கா வச்சிருந்தீங்க?"

"பெட்டிக்கு அடியில. எவ கேட்டா?"

அந்தக் காலத்தில் சாமான் திருடிவிடுவார்கள் என்று வேலை செய்யும் பெண்களை உள்ளே வைத்தே சமையற்கட்டின் கம்பிக் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். வேலை முடிந்தால்தான் திறப்பு. ஒரு மத்தியானம் கொதிக்கிற அண்டா சரிந்தது. சாவி வைத்திருந்த காவல்காரன் சாப்பிடப் போயிருந்தான். கத்திப் பார்த்தார்கள், சாவி வரவில்லை. அடுப்புக் கம்பியைக் கதவுக்கு வெளியே நீட்டிக் கொக்கிக்குள் கொடுத்து, எல்லோரும் மாற்றி மாற்றி நெம்பினார்கள். அண்டாக்காவின் இடது கை தோளிலிருந்து முழங்கைவரை இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது.

ஆவணக்காரி கல்லுடைக்கிற வீட்டில் பிறந்தவள். இப்படிக் காயப்பட்ட கைகளைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அந்தக் கையை இரண்டாவது தடவை பார்க்கவேண்டியிருக்கவில்லை.

ஆவண அறையில் ஒரு முறை உண்டு. புதிதாக வருவதை முதலில் பென்சிலில் குறிப்பார்கள். கல்லூரி முதல்வர் அம்மா பார்த்துச் சரி என்ற பிறகுதான் பதிவேட்டில் மையால் ஏறும். மை ஏறிவிட்டால் அழிப்பு கிடையாது. நீக்கவேண்டுமென்றால் சிவப்பில் கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போடவேண்டும். போன வருடம் யாரோ ஒரு பக்கத்தைக் கிழித்துப் போனபோது முதல்வர் அம்மாவே கொண்டுவந்த சட்டம்.

ஆவணக்காரி பென்சிலைத் தொடவில்லை. பேனாவை எடுத்தாள். 'எண் 412. சமையற்கட்டுப் பூட்டு, உடைத்தது. கைநாட்டுத் தாள் ஒன்று.'

பதினோரு மணிக்கு முதல்வர் அம்மா வந்தார். மறுநாள் கண்காட்சித் திறப்பு. முதல் பட்டதாரிகளின் படம், பழைய முதல்வர்களின் மூக்குக்கண்ணாடி, கோப்பைகள் எல்லாவற்றையும் தலையாட்டிக்கொண்டே பார்த்தவர், கடைசிக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். உள்ளே பூட்டும் தாளும், பக்கத்தில் ஒரு விளக்க அட்டையும்.

"என்னம்மா இது குப்பை?"

"நம்ம விடுதிப் பூட்டு மேடம்."

தாளைப் படித்தார். முகம் இறுகியது. "நாளைக்கு எத்தனை பெரியவங்க வர்றாங்க தெரியுமா? காலேஜ் மானம் போகணுமா? எடு. பதிவேட்டுலயும் அழிச்சிரு."

"மையில ஏறிருச்சு மேடம்."

"யாரைக் கேட்டு ஏத்தினே?"

"யாரையும் கேக்கலை. கேட்டா நீங்க வேணாம்பீங்க."

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்டாக்கா களுக்கென்று சிரித்தாள். முதல்வர் அம்மா அப்போதுதான் அவளைக் கவனித்தார்.

ஆவணக்காரி பதிவேட்டை விரித்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். "நீங்க போட்ட சட்டம்தான் மேடம். கோடு போட்டு, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டீங்கன்னா இப்பவே எடுத்துர்றேன்."

முதல்வர் அம்மா பேனாவை வாங்கிக் குனிந்தார். முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"எழுதுங்கம்மா," என்றாள் அண்டாக்கா. "எனக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பொண்ணு படிச்சுச் சொல்லும். என்ன காரணம்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

மேலே மின்விசிறி கடகடத்தது. 'பூட்டவில்லை' என்று எழுதினால் பூட்டு இருக்கிறது. 'பூட்டினோம், வெளியே தெரியக்கூடாது' என்றால் அதுவும் அழியாத மை. பேனா மேசைக்குத் திரும்பியது.

"அடுத்த மாசத்தோட உன் ஒப்பந்தம் முடியுது. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு மேடம். அதுக்கும் ஒரு காரணம் எழுதுவீங்கல்ல. அதையும் இங்கயே சேர்த்து வைப்போம். எண் போட்டு."

செருப்புச் சத்தம் நடைவழி கடைசிவரை போய் ஓய்ந்தது.

ஆவணக்காரி தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு வேர்வையில் ரவிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

"வேலையைப் போக்கிக்கிட்டியேடி, பைத்தியக்காரி," என்றாள் அண்டாக்கா. குரலில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. "சரி, அந்த அட்டையில என்ன எழுதியிருக்கே, படி."

"'பூட்டை உடைத்தவர்கள்: விடுதிச் சமையற்கட்டுப் பெண்கள், பத்தொன்பது பேர்.'"

"தப்பு. இருபது. காவக்காரன் பொண்டாட்டி சத்தம் கேட்டு ஓடியாந்து வெளிய நின்னு கம்பியை இழுத்தா. புருஷன் வேலை போயிரும்னு கைநாட்டு மட்டும் வைக்கலை."

ஆவணக்காரி அந்த அட்டையைக் கிழித்தாள். புதிதாக ஒன்றை எடுத்து, பெரிய எழுத்தில், மையால் எழுதினாள்.