முதலிடத்துப் பாட்டின் நாற்றம்

பத்தொன்பது வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு, இருபதாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அழுகத் தொடங்கியது. முதலில் வானொலி நிலையத்தின் இசைத்தட்டு அறையில், மூன்றாவது அலமாரியில், உறையின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ கசிந்தது. மதியத்துக்குள் அந்தப் பாட்டு ஒலித்த ஒவ்வொரு ரேடியோவிலிருந்தும் செத்த எலி நாற்றம் வந்தது. முடிதிருத்துபவர் ஒருவர் பாதிச் சவரத்தில் ஆளை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். அன்று வெயில் சுமார்தான், லேசாகக் காற்றும் இருந்தது.

இசைத்தட்டு அறைக்குப் பொறுப்பாக இருந்தவளை நிலையத்தில் எல்லோரும் தட்டறை அக்கா என்பார்கள். அந்தப் பாட்டைப் பாடியவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. நேயர்கள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பும் பாட்டுகளை எண்ணி வாராவாரம் வரிசை போடுவதும் அவள் வேலைதான். தம்பியின் பாட்டு இருபத்து மூன்றாம் இடத்தைவிட்டு நகராமல் கிடந்தபோது, அவன் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பார்க்கச் சகிக்காமல் அவள் வலக்கையாலும் இடக்கையாலும் மாற்றி மாற்றி நூற்றெண்பது அட்டை எழுதிக் குவியலில் சேர்த்தாள். அடுத்த வாரம் முதலிடம். அதற்குப் பிறகு அவள் ஓர் அட்டைகூட எழுதவில்லை. ஒரே வரியைப் பதினாறு தடவை குழைந்து குழைந்து சொல்லும் அந்தக் கண்றாவியை ஊர் தானாகவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அதே தட்டின் பின்பக்கத்தில் இன்னொரு பாட்டு இருந்தது. பக்கம் காலியாகப் போகக் கூடாதே என்று, வாத்தியக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கட்டிய தொண்டையோடு தம்பி பாடி முடித்தது. தாளத்துக்கு அக்காவே மேசையில் விரலால் தட்டினாள். நிலையம் அதை ஒரு தடவைகூட ஒலிபரப்பவில்லை. அவன் வாழ்நாளில் பொய் இல்லாமல் பாடியது அந்த மூன்று நிமிடம் மட்டும்தான் என்று அக்காவுக்குத் தெரியும்.

நாற்றம் கிளம்பியதும் ஊர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. மாடியிலிருந்து தட்டுகளைச் சாக்கடையில் வீசினார்கள், சாக்கடை அடைத்துக்கொண்டது. அந்தப் பாட்டின் முதல் சொல்லையே கடைக்குப் பெயராக வைத்திருந்த பாத்திரக்காரர், பலகையைக் கழற்றிக்கொண்டே, எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது என்று கூசாமல் சொன்னார். பத்தொன்பது வாரம் ஆடிய ஊரில் அதைக் கேட்டதாக ஒப்புக்கொள்ள ஒரு ஆள் இல்லை. நிலைய இயக்குநர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்து, மிச்சத் தட்டுகளைக் குப்பை வண்டியில் ஏற்றச் சொன்னார். அக்கா ஒன்றை மட்டும் முந்தானையில் சுற்றி ஒளித்துக்கொண்டாள். அதுவும் போய்விட்டால், தம்பிக்கு உலகத்தில் மிஞ்சுவது செத்த எலி ஒன்றுதான்.

ஏழு வருடம் அதைச் சோப்பு நீரில் கழுவினாள். முன்பக்கத்திலிருந்து அழுகல் உள்ளே தின்றுகொண்டே வந்தது. தட்டு தேய்ந்து வெங்காயச் சருகு போல ஆயிற்று. பின்பக்கத்துக்கு ஒரு மயிரிழை மிச்சமிருக்கும்போது அழுகல் நின்றது. இதற்குள் முதலிடத்துக்கு வந்த மற்ற பாட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு செவ்வாய்க்கிழமையில், அழுகின. ஒன்றில் ஊசிப்போன பால் வாடை, ஒன்றில் ஈரச் சாக்கு வாடை. நிலையம் செவ்வாய்க்கிழமைக்கென்று இரண்டு துப்புரவுப் பெண்களை வேலைக்கு எடுத்தது. வரிசை போடுவதை நிறுத்தலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெட்கங்கெட்ட ஊர், ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் அடுத்த அட்டையை எழுதியது.

தம்பி அந்த நாற்றத்தை உடம்பில் சுமந்துகொண்டே கடைத் திறப்புகளில் பாடிவந்தான். அழைப்பு நின்ற பிறகும், என்றைக்காவது அந்த முதலிடம் திரும்ப வரும் என்று காத்திருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை தட்டறைக்கு வந்து, என் பாட்டு நின்று இன்றோடு பத்து வருடம், ஒரே ஒரு தடவை என் பாட்டைப் போடு என்று கெஞ்சினான். அக்கா பின்பக்கத்தைப் போட்டாள். வராந்தாவில் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கினார்கள். அறையில் நாற்றம் துளியும் இல்லை.

"யாரு அக்கா பாடுறது? நல்லா பாடுறானே," என்றான் தம்பி.

"நீதான்டா."

அவன் பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு, "இது எத்தனாவது எடத்துக்கு வந்துச்சு?" என்றான்.

"எந்த எடத்துக்கும் வரல."

"அப்ப எடுத்துரு."

அவளுக்கு அருவருப்பு வந்தது. அவன்மேல் பாதி, அந்த நூற்றெண்பது அட்டையை எழுதிய தன் கைகள்மேல் பாதி. அவள் எடுக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை துப்புரவு முடிந்ததும் அதை ஒலிபரப்பிலேயே போட்டுவிட்டாள்.

இயக்குநர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். இப்போதும் செவ்வாய்க்கிழமை கழுவல் முடிந்ததும் நிலையம் அந்தப் பின்பக்கப் பாட்டைத்தான் போடுகிறது. ஊரில் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறார்கள். தம்பியும் தவறாமல் வந்து மூலை நாற்காலியில் உட்காருகிறான். நாற்றமே இல்லாத, எந்த இடத்துக்கும் வராத அந்த மூன்று நிமிடமும் அவன் ஒருவன் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறான்.