பன்னிரண்டாம் வகுப்பு, ஒருவர்

இசைவாணி திருச்சியில் தொழில் உளவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு தொழிற்கூடம் தேவைப்பட்டபோது மோகனப்ரியாவின் நினைவு வந்தது. பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. மார்க்கில் எப்போதும் மோகனப்ரியாதான் முன்னால். பன்னிரண்டாவது முடித்த வருடம் அப்பா இறந்துபோக, அவள் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

ஆய்வின் முடிவைத் தனக்கும் அறிக்கையாகத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு மேனேஜர் அனுமதித்தார்.

கேள்வித்தாளைப் பார்த்ததும் பெண்கள் தயங்கினார்கள். மோகனப்ரியாதான் ஒவ்வொருவரிடமும் பேசினாள். "நம்ம புள்ளதாங்க. பேரு எழுத வேணாம். மனசுல உள்ளத எழுதுங்க."

அவளும் எழுதினாள். 'பாத்ரூம் போனா சூப்பர்வைசர் வாசல்ல நின்னு நிமிஷம் எண்ணுறாரு. அதுக்குப் பயந்து மாசத்துல அந்த மூணு நாளும் தண்ணியே குடிக்கிறதில்ல.'

"இதுதாம்மா உன் ஆய்வுக்கு உயிர்" என்றார் பேராசிரியர். இசைவாணி பூரித்துப்போனாள். மேனேஜருக்குக் கொடுத்த அறிக்கையிலும் அந்த வரிகளைச் சேர்த்தாள். கீழே, வகுப்பில் பழகியபடி, 'முந்திரி தரம் பிரிக்கும் பகுதி, கல்வி: பன்னிரண்டாம் வகுப்பு' என்று குறித்தாள். அந்தப் பகுதியில் மற்ற யாரும் பத்தாவதைத் தாண்டியதில்லை என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

மூன்றாம் நாள் மோகனப்ரியாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

செய்தி கேட்டு இசைவாணி பஸ் பிடித்து ஓடினாள். மோகனப்ரியா வீட்டு வாசலிலேயே நின்றாள்.

"சத்தியமா ஒன் பேர நான் எங்கயும் எழுதலடி."

"பேர மட்டுந்தான் எழுதல."

அழுதுகொண்டே இசைவாணி கம்பெனிக்குப் போனாள். மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார். "அவங்களாவே நின்னுட்டாங்கம்மா. உங்க ரிப்போர்ட் எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு" என்று சிரித்தார். வெளியே வந்தபோது எதிரே வந்த பெண்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆய்வேட்டிலிருந்து அந்த வரிகளை நீக்கினாள். வாய்மொழித் தேர்வில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பேராசிரியருக்குக் கோபம், மதிப்பெண் குறைந்தது. ஆனாலும் தேர்ச்சி பெற்றுவிட்டாள். அதனால் மோகனப்ரியாவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடவில்லை.

சித்திரையில் மறுபடியும் போனாள். மோகனப்ரியாவின் அம்மா அடைக்கலம் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"திருப்பூர்ல தையல் கம்பெனிக்குப் போயிட்டாம்மா. ஆஸ்டல்ல இருக்கா."

"நம்பர் குடுங்கம்மா, ஒரு தடவ பேசிட்டு வச்சிர்றேன்."

"ஒம்மேல கோவமெல்லாம் இல்லன்னுதான் சொன்னா. ஆனா நம்பர் மட்டும் குடுக்காதம்மான்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

இசைவாணி தலையாட்டினாள். சொம்பைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.