அவர் சொல்லட்டும்

"தலைப்பக்கம் நீங்க தூக்குங்க சித்தப்பா. இழுக்காதீங்க, அப்பாவுக்கு ஆடுது."

"தூக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தச் சக்கரம் ஒண்ணு வரமாட்டேங்குது."

வாடகைக்குக் கொண்டுவந்த இரும்புக் கட்டில். சக்கரங்களில் ஒன்றுக்கு மட்டும் தனிப் புத்தி. மற்றவை போகிற திசையில் அது போகாது. கட்டிலின் மேல் அப்பா கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து கிடந்தார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். யார் வண்டியில் ஏறினாலும் பக்கத்தில் உட்கார்ந்து, கியரை மாத்து, பிரேக்கை அமுக்காதே என்று பாடாய்ப் படுத்துகிறவர். இப்போது தன்னையே இரண்டு பேர் கோணல்மாணலாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியவள் கால்பக்கத்தைத் தள்ளினாள். அந்த வீட்டுக்கு அவள் ஒருத்திதான் பிள்ளை. இருந்தும் பெயர் பெரியவள். அடுத்து ஒன்று வரும் என்று நம்பி அப்பாவும் அம்மாவும் அவசரப்பட்டுக் கூப்பிட ஆரம்பித்தது, வராமல் போன பிறகும் மாறவில்லை.

"மூக்கு ஓவன் பக்கம் இருக்கணும்," என்று சமையலறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சுவர் பக்கம் திருப்பிடாதீங்க."

சித்தப்பா கட்டிலை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு ஒரே தம்பி. விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து, மாற்றுச் சட்டைகூட இல்லாமல் அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்.

"அண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றார் தணிந்த குரலில். "ஒரு வாய் தண்ணி இறங்கல. அந்த மனுஷனுக்குப் போய் கேக்காம்."

"சாப்பிடறதுக்கு இல்ல சித்தப்பா."

"பின்னே?"

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு மூக்கு கிடையாது. அதாவது முகத்தில் இருக்கிறது, நல்ல எடுப்பான மூக்குதான்; வாசனைதான் தெரியாது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது போனது, திரும்பி வரவே இல்லை. வேறு யாருக்காவது போயிருந்தால் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. அம்மா கேக் செய்கிறவள். அந்தத் தெருவில் யார் வீட்டுப் பிறந்தநாளானாலும் கேக் அம்மா கையால்தான். அதற்கு அவள் வைத்திருந்ததோ ஒரு கிழட்டு ஓவன். உள்ளே விளக்கு எரியாது, கண்ணாடி பழுப்பேறி எதுவும் தெரியாது, திருகில் எண்கள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன. ஒரு நாள் கொதிக்கும், ஒரு நாள் சும்மா வெதுவெதுக்கும். கடிகாரத்தைப் பார்த்து அதில் ஒன்றும் செய்ய முடியாது. வெண்ணெய் வாசனை மாறுகிற இடம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். அம்மா அந்த வாசனையை வைத்துக்கொண்டுதான் இத்தனை பிறந்தநாளையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

வாசனை போன பிறகு ஓவன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, ஊரில் இல்லாத சோகத்தையெல்லாம் முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாதான் ஒரு நாள் நாற்காலியை இழுத்துச் சமையலறை வாசலில் போட்டார். "நீ கலக்கு. வாசனையை நான் பார்த்துக்கறேன். இன்ஜின் சூடாகறதை மூக்கால கண்டுபிடிச்சவன் நான், இது என்ன பெரிய விஷயம்?"

அன்றிலிருந்து அப்படித்தான். அம்மா கலக்கி உள்ளே வைப்பாள். அப்பா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அம்மா பாத்திரம் கழுவுவாள், அவரைத் திட்டுவாள், பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள். அவர் எதற்கும் உம் கொட்ட மாட்டார். திடீரென்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எடு" என்பார். அம்மா கையுறையை மாட்டிக்கொண்டு எடுப்பாள். சரியாக இருக்கும்.

"குச்சியால குத்திப் பார்த்தா தெரியாதாம்மா?" என்று பெரியவள் கேட்டிருக்கிறாள்.

"குச்சி பொய் சொல்லும். உங்கப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது."

அந்தச் சாமர்த்தியத்தையும் அவர் ஒரே ஒரு தடவை காட்டினார். எதிர்வீட்டு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குப் பெரிய கேக். அன்றைக்கு அப்பாவுக்கு மூக்கு அடைத்துப் போயிருந்தது. சொன்னால் பதவி போய்விடுமே என்று மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்து, குத்துமதிப்பாக "எடு" என்று சொல்லிவிட்டார். அங்கே எல்லாரும் கை தட்ட, டீச்சர் கத்தியை இறக்க, நடுவில் மாவு கூழாக வழிந்தது. நல்ல மனிதர்கள், ஸ்பூன் கொண்டுவந்து சாப்பிட்டு, புது மாதிரியா இருக்கே என்றார்கள். அதற்கப்புறம் அம்மா முட்டையை உடைப்பதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வியே, "சளி இருக்கா? உண்மையைச் சொல்லுங்க" என்பதுதான்.

இதையெல்லாம் சித்தப்பாவுக்கு எப்படிச் சொல்வது? பெரியவள் சுருக்கமாகச் சொன்னாள். "அப்பா ஒரு வார்த்தை பேசணும்னு அம்மா நினைக்கறாங்க."

மூளையில் ரத்தம் கசிந்து அப்பா விழுந்ததிலிருந்து பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கிற வரைக்கும் பார்த்தார்கள். பிறகு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பக்கத்துல இருங்க, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். இன்று காலை வந்து பார்த்த நர்ஸ் பெரியவளைத் தனியே அழைத்து, மூச்சு மாறியிருக்கிறது, அம்மாவைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள் என்றாள். பெரியவள் அதை அப்படியே போய்ச் சொன்னாள். அம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா அவர் என்கிட்ட என்ன பேசினார் தெரியுமா உனக்கு? 'இந்த ஃபேன் ஏன் இப்படிக் கத்துது'ன்னார். நான் 'எனக்கென்ன தெரியும்'னேன். அவ்வளவுதான். உள்ள போனார், விழுந்தார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு ஃபேனைப் பத்திப் பேசிட்டுப் போறதா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும்டி. எதுவா இருந்தாலும் சரி."

"டாக்டர் சொன்னாரேம்மா, பேச்சு வராதுன்னு."

"யோசிச்சுப் பேசறதுதான் வராது. இது பழக்கம். வாசனை வந்தா வாய் தன்னால திறக்கும்." சொல்லிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெண்ணெயை வெளியே வைத்தாள்.

கட்டில் ஒருவழியாக வாசலில் நின்றது. நாற்காலி இருந்த அதே இடம். அம்மா ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போட்டுக் கலந்த மாவைத் தட்டில் ஊற்றிச் சமன் செய்தாள். உள்ளே வைக்கும் முன் அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "சளி இருக்கா? உண்மையைச் சொல்லுங்க," என்றாள். சித்தப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவின் மூச்சு ஒன்று இழுத்து, நின்று, யோசித்து, அடுத்தது வந்தது.

ஓவன் கதவு மூடியது. அம்மா கையுறைகளை மாட்டிக்கொண்டு, ஸ்டூலைக் கட்டிலுக்கும் ஓவனுக்கும் நடுவில் போட்டு, அவர் வாயைப் பார்த்து உட்கார்ந்தாள். பெரியவள் அந்தப் பக்கம் நின்று அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி இருக்கிறதா என்று தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அம்மா பேச ஆரம்பித்தாள். "பக்கத்து வீட்டுல வாசலுக்குப் பெயின்ட் அடிக்கறாங்க. பச்சை. கண்ணைக் குத்துது. டீச்சர் வந்து உங்களை விசாரிச்சாங்க. தம்பி உங்க சட்டையைத்தான் போட்டிருக்கார், பாருங்க, பட்டன் தெறிக்கற மாதிரி." சித்தப்பா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. பேச்சுக்கு நடுநடுவே நிறுத்தி, அவர் வாயைப் பார்த்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தாள்.

முதலில் ஆரஞ்சு வாசனைதான் வந்தது. பிறகு வெண்ணெய். பிறகு இரண்டும் கலந்து, சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே பெரியவளின் காலை ஓட வைக்கிற அந்த வாசனை வந்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லுங்கப்பா என்று மனதுக்குள் கெஞ்சினாள். அவருடைய மூக்குத் துவாரம் அசைந்த மாதிரி இருந்தது. மூச்சுக்காக அசைந்ததுதான்.

"வாசனை வந்துடுச்சாடி?" என்று அம்மா கேட்டாள்.

வந்துவிட்டது. இதோ, இந்த நிமிஷம்தான் எடுக்க வேண்டிய நிமிஷம். வந்துவிட்டது என்று சொன்னால், அவர் சொல்லவில்லை என்று ஆகிவிடும்.

"இன்னும் இல்லம்மா," என்றாள்.

சித்தப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அம்மா மறுபடி பேசப் போய்விட்டாள். கரண்டு பில், மாடித் தொட்டியில் ஒழுகுகிற குழாய். அப்பாவின் மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. வெண்ணெய் வாசனையின் இனிப்பு போய், அடியில் ஒரு கசப்பு ஏறியது. பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடினாலும் எங்கே ஓடுவது? இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் ஓவன். இரண்டிலும் அவளால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

"தம்பி, உங்களுக்கு?" என்றாள் அம்மா. "வாசனை தெரியுதா?"

சித்தப்பா வாயைத் திறந்தார். பெரியவள் தலையை அசைத்தாள். கெஞ்சுகிற அசைப்பு. அவர் அண்ணனைப் பார்த்தார், ஓவனைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ரெண்டு நாளா மூக்கடைப்பு அண்ணி. ஒண்ணுமே தெரியல."

"அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி," என்று அம்மா லேசாகச் சிரித்தாள். பெரியவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தாங்கவில்லை.

ஓவன் கதவின் விளிம்பிலிருந்து மெல்லிய புகை ஒன்று கிளம்பி மேலே போயிற்று. அம்மாவுக்கு மூக்குதானே இல்லை, கண் இருக்கிறது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணில் நீர் கோத்தபோது கையுறையின் பின்பக்கத்தால் துடைத்துக்கொண்டாள். புகையாலா, வேறெதாலா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. பேச்சு நின்றுவிட்டது. சொல்ல அவளிடம் கதை தீர்ந்துவிட்டது.

"என்னங்க," என்றாள். "நான் எடுக்கட்டுமா, இருக்கட்டுமா?"

அப்பாவின் மார்பு ஏறியது. இதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியது. தாடை கீழே இறங்கி வாய் நன்றாகத் திறந்தது. அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'எ' என்றும் சொல்லலாம், 'ஹ' என்றும் சொல்லலாம். வெறும் காற்று என்றும் சொல்லலாம்.

அம்மா துள்ளி எழுந்தாள். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சொல்லிட்டார். கேட்டியாடி? தம்பி, கேட்டீங்கல்ல? நான்தான் சொன்னேனே."

அவள் திரும்பி ஓவனைத் திறந்தாள். புகை மொத்தமாக வெளியே வந்து அவள் முகத்தில் அடித்தது. அவள் இருமிக்கொண்டே தட்டை வெளியே இழுத்து மேடையில் வைத்தாள். சித்தப்பா போய் ஜன்னலைத் திறந்தார்.

பெரியவளின் விரல்கள் மணிக்கட்டில் இருந்தன. இங்கே இல்லை, சற்று மேலே தேடினாள். அங்கேயும் இல்லை. கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அடுத்த மூச்சு வருமா என்று காத்திருந்தாள். வந்தால் போதும், ஒன்றே ஒன்று வந்தால் போதும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சித்தப்பா ஜன்னலருகில் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?" அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். குரலில் பழைய அதட்டல் திரும்பியிருந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்குமா? பாருங்க, மேல எல்லாம் கரி. பரவாயில்ல, சீவிடலாம். உள்ள நல்லாத்தான் இருக்கும்."

கையுறைகளைக் கழற்றிப் போட்டாள். கத்தியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். கறுப்புத் துகள்கள் மேடையில் கொட்டின. அம்மா என்று கூப்பிட வேண்டும். பெரியவள் வாயைத் திறந்தாள். இப்போது சொல்லலாம், சீவி முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம், அவளே திரும்பிப் பார்க்கட்டும். அப்பாவின் கையை விடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அம்மா நடுவிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டினாள். மஞ்சளாக, ஆவி பறக்க வந்தது. அதை ஒரு சாஸரில் வைத்து, விரலால் தொட்டுப் பார்த்து, சுடுகிறது என்று கையை உதறினாள்.

"பொறுங்க, சூடு. வாயில வைக்கறேன், முழுங்கக்கூட வேண்டாம். சும்மா நாக்குல பட்டா போதும்."

சாஸரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, அம்மா அந்தத் துண்டை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள்.